டேலியும் லினக்ஸும் ஒரே கணினியில்: என்ன வாங்குவது, எதை நிறுவுவது?

கேள்வி: கரூரில் வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி பிரைம், எக்செல், ஜிஎஸ்டி தளம், இவைதான் என் வேலை. மகள் இந்த ஆண்டு பி.இ. கணினி அறிவியலில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு லினக்ஸ் வேண்டுமாம். பழைய கணினி போன வாரம் நின்றுவிட்டது. உள்ளூர்க் கடை ஒன்றில் ‘ஐ5, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி’ என்று மலிவான விலைக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஐ5 3470, எச்61 போர்டு என்று எழுதியிருக்கிறது. மகளோ, பாகங்களை வாங்கி நாமே அசெம்பிள் செய்யலாம் என்கிறாள். எதை வாங்குவது? எந்த இயங்குதளம் போடுவது?

பதில்: அந்தப் பட்டியலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐ5 3470 என்பது 2012-இல் வந்த பிராசசர். எங்கோ அலுவலகத்தில் ஓடி, கழற்றப்பட்டு, புதிய எச்61 போர்டில் ஏறி, புதிய கேபினட்டுக்குள் உட்கார்ந்து உங்களிடம் வருகிறது. பெயரில் இருக்கும் ‘ஐ5’ எதையும் சொல்லாது. அதன்பின் வரும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். 3470 என்றால் மூன்றாம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறையின் ஐ3 12100 கூட அந்தப் பழைய ஐ5-ஐ எல்லா வேலையிலும் எளிதாக முந்திவிடும்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். 3470-இல் அதை வளைத்து நிறுவித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. அடுத்தவர்களின் ஜிஎஸ்டி கடவுச்சொல்லைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அந்த நிலையில் வேலை செய்யக் கூடாது.

ஆகவே பாகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் மென்பொருளிலிருந்து தொடங்குவோம். டேலி பிரைம் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. லினக்ஸில் வைன் போன்ற இடைமென்பொருள் வழியாக ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கு முடிக்கும் கடைசி நாளில் அந்தச் சோதனை வேண்டாம். எனவே உங்களுக்கு விண்டோஸ் 11 ஹோம், மகளுக்கு லினக்ஸ், இரண்டும் ஒரே கணினியில். இது முடிவாகிவிட்டால் பாகங்களில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

பிராசசருக்கு என் பரிந்துரை இன்டெல் கோர் ஐ5 12400. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். பணம் இடித்தால் ஐ3 12100 போதும். டேலிக்கும் முதலாண்டு நிரல்களுக்கும் அது தாராளம். எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பெட்டியிலேயே பாருங்கள். 12400எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. ஏஎம்டி பக்கம் போனால் ரைசன் 5 5600ஜி நல்ல மாற்று. அங்கே விதி தலைகீழ்: அந்த வரிசையில் ‘ஜி’ இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. எதை எடுத்தாலும் பெட்டியோடு வரும் பீஸையே கேளுங்கள். ‘ட்ரே பீஸ்’ என்று உறையில் வைத்துத் தருவதற்குத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதம் கிடையாது.

மதர்போர்டு வாங்கும்போது அது ஏற்கும் ராம் டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் தலைமுறை இரண்டையும் ஏற்கும், போர்டு ஒன்றைத்தான் ஏற்கும். 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. இரண்டு வகை போர்டுகளுக்கும் ராமோடு சேர்த்து விலை கேட்டு, குறைவானதை எடுங்கள். உங்கள் வேலையில் வேறுபாடு தெரியாது. எச்610 போர்டில் ராமுக்கு இரண்டே ஸ்லாட். பி760 போர்டுகளில் நான்கு ஸ்லாட் உள்ளவை கிடைக்கும். மகள் மூன்றாம் ஆண்டில் மெய்நிகர் கணினிகளையெல்லாம் (ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டத் தொடங்கும்போது 16 ஜிபி 32 ஆக வேண்டியிருக்கும். அன்று பழையதைக் கழற்றி எறியாமல் பக்கத்தில் இன்னும் இரண்டைச் செருகலாம் என்பதற்காக நான்கு ஸ்லாட் போர்டையே சொல்கிறேன்.

இன்று 16 ஜிபியை ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜிபி பட்டை இரண்டாக வாங்குங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் திரைக்கான வேலைக்கும் இதே ராம்தான் பயன்படுகிறது. இரண்டு பட்டைகள் இரண்டு பாதைகளில் தரவைக் கொண்டுவரும். ஒரு பட்டை ஒரே பாதையில்தான் கொண்டுவரும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகிவிட்டு, இரண்டு பட்டை போட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம். இயந்திரக் கற்றல் பாடம் வரும்போது கூகுளின் கணினிகளை இணையம் வழியே பயன்படுத்தத் தரும் கூகுள் கோலாப் இலவசமாகவே தொடக்கப் பயிற்சிக்கு உதவும். கார்டுக்கான ஸ்லாட் போர்டில் காத்திருக்கும்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து பணத்தைக் குறைக்கும் இடம் இதுதான், குறைக்கவே கூடாத இடமும் இதுதான். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டிய எண்ணை நம்ப முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு துணிக் கிடங்கில் அப்படி ஒன்று மூன்றாம் கோடையில் எரிந்தது. தனியாக எரியவில்லை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் கூடவே கொண்டுபோனது. மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது, வேறு எங்கும் நகல் இல்லை. அந்தக் கணக்கரோடு உட்கார்ந்து, காகித பில்களிலிருந்து மீண்டும் ஏற்றிய நாட்களை என்னால் மறக்க முடியவில்லை. பெயருள்ள நிறுவனத்தின் 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்ற மின்சிக்கனத் தரச்சான்று பெற்ற 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். உங்கள் கணினி மானிட்டரோடு சேர்த்து 150 வாட்டைத் தாண்டுவதே அரிது. 550 என்பது நாளை கார்டு போடுவதற்கான இடம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று எர்த். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று கேபினட்டின் திருகைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா? டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உண்டு. அவை மின்கம்பிகளை எர்த்தோடு இணைப்பவை. சுவரில் எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி கேபினட்டின் தகட்டில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் உண்மையில் உள்ளே கசிவு ஏற்படும் நாளில் உங்களைக் காக்க எதுவும் இருக்காது. மூன்று துளை பிளக் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று பொருளல்ல. மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் ஏராளம். கணினி வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யுபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிலையில் வையுங்கள், மின்சாரம் போகும்போது கணினி நிற்காது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும்.

சேமிப்புக்கு இரண்டு தனி எஸ்எஸ்டிகளைச் சொல்கிறேன். விண்டோஸுக்கு 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை), லினக்ஸுக்கு 250 ஜிபி அளவில் இன்னொன்று. இரண்டாவது சாதாரண சாட்டா வகையாக இருந்தாலும் குறையில்லை. ஒரே டிஸ்கைப் பிரித்து இரண்டு இயங்குதளமும் போடலாம்தான். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, இரண்டையும் வைத்திருந்த பலரின் கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்துவிட்டது. தனி டிஸ்க் அந்த மாதிரிச் சிக்கல் எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதில் வேலையைத் தொடர முடியும். நிறுவும்போதும் அப்படியே செய்யுங்கள்: ஒரு டிஸ்கை மட்டும் பொருத்தி விண்டோஸ், பிறகு அதைக் கழற்றிவிட்டு அடுத்ததில் லினக்ஸ். முடிந்ததும் இரண்டையும் பொருத்தி, கணினி தொடங்கும்போது பூட் மெனுவில் தேர்ந்துகொள்ளலாம். மகள் தவறுதலாக உங்கள் டேலியை அழித்துவிடுவாளோ என்ற பயமும் இருக்காது.

லினக்ஸில் எது என்றால், லினக்ஸ் மின்ட் 22 அல்லது உபுண்டு 24.04. இரண்டும் 2029 வரை ஆதரவுள்ள பதிப்புகள். மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான். திரை அமைப்பு விண்டோஸைப் பழகியவருக்கு அந்நியமாக இருக்காது என்பதால் நான் மின்ட் பக்கம் சாய்வேன். தமிழ்99 விசைப்பலகை இரண்டு பக்கமும் கிடைக்கிறது, நீங்கள் தமிழில் கடிதம் எழுத வேண்டியிருந்தாலும் கவலையில்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்திக் காட்டினால் பதறாதீர்கள். போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வருவது அது. ஒரே கட்டளையில் சரியாகும். மகளின் முதல் லினக்ஸ் வேலையாக அது இருக்கட்டும்.

விண்டோஸில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது இப்போதைய விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்கைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடுகிறது. பின்னாளில் பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) ஏதாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். உரிமம் வாங்கும்போது சில்லறை விற்பனை வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஓஇஎம் வகை மலிவு, ஆனால் அது அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது. கடையில் ‘ஆக்டிவேட்’ செய்து இலவசமாகத் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நிரல் இன்னும் என்னவெல்லாம் செய்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

நீங்களே அசெம்பிள் செய்ய முடியுமா? முடியும். மகளோடு சேர்ந்தே செய்யுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து பிராசசர், கூலர், ராம், எஸ்எஸ்டி ஆகியவற்றைப் பொருத்தி, எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்து, திரையில் படம் வருவதைப் பார்த்த பிறகே கேபினட்டுக்குள் ஏற்றுங்கள். இன்டெல் பிராசசரை அதன் ஓரத்து வெட்டும் சாக்கெட்டின் புடைப்பும் பொருந்துமாறு மெல்ல வையுங்கள், அழுத்தக் கூடாது. பிறகு பக்கத்துக் கம்பியைக் கீழே இறக்கும்போது கை வலிக்கிற அளவுக்கு இறுகும். நறநறவென்று ஒரு சத்தம் வரும். மேலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெறித்து எழும். ஏதோ உடைந்துவிட்டது என்று முதல்முறை எல்லோருமே நினைப்பார்கள். அது இயல்பு. அந்த மூடியை எறிந்துவிடாதீர்கள். போர்டை உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் சாக்கெட்டின் ஊசிகள் வளையக்கூடும், போர்டை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடவும் கூடும். ராமைச் செருகும்போது ‘க்ளிக்’ கேட்க வேண்டும். ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று என்னை அழைப்பவர்களில் பலருக்கு ராம் ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். இல்லையென்றால் பிராசசருக்கான எட்டு முனை மின்கேபிளைச் செருக மறந்திருப்பார்கள்.

பாகங்கள் வாங்க சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. கோவையிலும் திருச்சியிலும் இவை எல்லாம் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். 18 சதவீத வரியை மிச்சப்படுத்துகிறோம் என்று வெறும் காகிதத்தில் வாங்கினால், இரண்டாம் ஆண்டில் போர்டு பழுதாகும்போது நீங்கள்தான் தவிப்பீர்கள்.

பழைய கணினியைப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கடையில் கேட்டிருந்தால் சற்றுப் பொறுங்கள். கணினி நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸோ போர்டோ போயிருக்கும், ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான்கு திருகுகளைக் கழற்றி அதை வெளியே எடுத்துப் புதிய கணினியில் சாட்டா கேபிளில் மாட்டுங்கள். டேலியின் தரவு ஃபோல்டரைத் திறந்தால் நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் தெரியும். அவற்றை முழுதாகப் புதிய எஸ்எஸ்டிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் நகலெடுங்கள். டேலியில் திறந்து, கடைசியாகப் பதிந்த வவுச்சர் வரை இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழைய கேபினட்டைக் கொடுங்கள். டிஸ்க் மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.