சட்டமும் மாறுகிறது, ஆய்வும் மாறுகிறது: களப்பணியாளர் எப்படி ஈடுகொடுப்பது?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புறத்தொடர்புப் பணியாளராக இருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கப்புறம் பெரிதாக எதுவும் இல்லை. இதற்கிடையில் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. வாட்ஸ்அப் குழுவில் தினமும் பிடிஎஃப் வந்து விழுகிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். எது புதிது, எது காலாவதியானது என்றே தெரியவில்லை. "ஆய்வுகள் சொல்கின்றன" என்று பயிற்சியில் பேசுகிறார்கள். அதெல்லாம் எங்கள் வேலைக்கு உதவுமா? வீட்டு விசாரணை, குழு அமர்வு, அறிக்கை என்று ஓடிக்கொண்டிருப்பவள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பிடிஎஃப் எல்லாவற்றையும் நீங்கள் படிக்கத் தேவையில்லை. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகும்போது, போன வருடம் செய்ததிலிருந்து எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும். வருகிற எந்தத் தகவலையும் இந்த ஒரு கேள்வியால் வடிகட்டுங்கள். முக்கால்வாசி கழிந்துவிடும்.

முதல் வேலையாக, உங்கள் மேசையில் இருக்கும் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) கையேட்டை எடுத்து அது அச்சான ஆண்டைப் பாருங்கள். போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூடின. 2020 மார்ச்சில் பழைய விதிகள் போய்ப் புதிய விதிகள் வந்தன. உங்கள் கையேடு அதற்கு முந்தையது என்றால், அதில் இருக்கும் விதி எண்கள் எதையும் அறிக்கையில் எழுதாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-க்கு வந்த திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அன்றிலிருந்து தத்து ஆணை பிறப்பிப்பது மாவட்ட ஆட்சியர், நீதிமன்றம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போய்ப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. மாஜிஸ்ட்ரேட் முன் கொடுக்கும் வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில் இன்னும் "நூத்தி அறுபத்தி நாலு வாக்குமூலம்" என்றுதான் பேசுவார்கள், நீங்களும் பேசலாம். ஆனால் எழுத்தில் அது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 183. மாநில அளவில் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு இளைஞர் நீதி விதிகளும் உண்டு. மத்திய மாதிரி விதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதாடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எண் மாறுவது பெரிய விஷயமில்லை. வேலையையே மாற்றும் திருத்தங்கள்தான் கவனிக்க வேண்டியவை. ஓர் உதாரணம். 2022-இல் வந்த அதே திருத்தம், இளைஞர் நீதிச் சட்டத்தில் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகைக்கு மாற்றிவிட்டது. குழந்தையைக் கொத்தடிமைபோல் வேலையில் வைத்திருப்பதைத் தண்டிக்கும் 79-ஆம் பிரிவும் இதற்குள் வருகிறது. ஒரு பட்டறையிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனை மீட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போகிறீர்கள். பழைய பயிற்சிக் குறிப்பை நம்பி 79-ஐ மட்டும் மனுவில் எழுதினால், "இது நான்-காக்னிசபிள் மேடம், மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பலாம். சட்டப்படி அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் சேர்க்கப்பட்ட 14ஏ பிரிவு, வேலைக்கு வைத்த முதலாளியின் குற்றத்தைப் போலீஸ் நேரடியாகப் பதியக்கூடியதாக ஆக்கியிருக்கிறது. அதையும் சேர்த்து எழுதியிருந்தால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். கிடைத்திருக்கும். ஒரே மனு, ஒரே பையன், ஒரு வரிதான் வித்தியாசம்.

சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் தீர்ப்பால் மாறுவதும் உண்டு. இதுதான் களத்தில் அதிகம் தவறிப்போகிறது. சப்போர்ட் பர்சன், அதாவது வழக்கில் குழந்தைக்குத் துணையாக இருக்கும் ஆதரவு நபர் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஆதரவு நபரை நியமிக்கலாம், குழந்தை மற்றும் பெற்றோரின் சம்மதத்தோடு. "அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவது அதனால்தான் எளிதாக இருந்தது. 2023 ஆகஸ்ட் 18-இல் உச்ச நீதிமன்றம், ஆதரவு நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, நியமிக்காவிட்டால் அதற்கான தகுந்த காரணத்தைக் குழு பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கும் நீங்கள் அந்த ஒரு வரியோடு நிறுத்தினால், விதிப்புத்தகம் உங்கள் பக்கம் இருக்கும், தீர்ப்பு இருக்காது.

நம் ஊரிலேயே நடந்த இன்னொன்று. குழந்தைகளின் பாலியல் காட்சிகளைத் தரவிறக்கி வைத்திருந்ததாக ஒருவர் மீது போடப்பட்ட வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பெரிய செய்தியாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்று சொல்லாமல், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டித் துன்புறுத்தும் காட்சிப் பொருள் என்ற பொருளில்தான் சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஜனவரிச் செய்தியோடு நின்றுவிட்டவர் ஒரு பள்ளியில் போய் என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு என்று எது வந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: எந்த நீதிமன்றம், என்ன தேதி, மேல்முறையீடு ஆகியிருக்கிறதா. உங்கள் அலகிலேயே சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். இதைச் சரிபார்த்துச் சொல்வது அவர் வேலை, கேட்கத் தயங்காதீர்கள். சட்ட மூலத்துக்கு 'இந்தியா கோட்' தளம் போதும், இலவசம். உச்ச நீதிமன்றம் தீர்ப்புகளின் தமிழாக்கத்தைத் தன் தளத்திலேயே தருகிறது. தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்; மேற்கோள் காட்ட ஆங்கில மூலம்தான்.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். உதவுமா என்று கேட்கிறீர்கள். சில ஆய்வுகள் நேரடியாக உதவும். சில, பயிற்சி ஸ்லைடை அலங்கரிக்க மட்டும். இரண்டாவது வகைக்குப் பெயர்போனது அந்த 53 சதவீதம். இந்தியக் குழந்தைகளில் 53 சதவீதம் பேர் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் என்ற வரியை நீங்கள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. அது மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். தமிழ்நாடு அந்த 13-இல் இல்லை. தெருவில் வாழும் குழந்தைகள், வேலைக்குப் போகும் குழந்தைகள், இல்லங்களில் இருப்பவர்கள் என்று தனித்தனிப் பிரிவுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். முக்கியமான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் "நம்ம மாவட்டத்துல ரெண்டுல ஒரு குழந்தை" என்று கிராமக் கூட்டத்தில் சொல்ல அது ஆதாரம் ஆகாது. யாரிடம், எங்கே, எப்போது கேட்டார்கள் என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும், ஆய்வு வாசிக்க ஆங்கிலப் புலமை பெரிதாக வேண்டாம்.

வேலைக்கு உதவும் ஆய்வுக்கு இரண்டு உதாரணம். முதலாவது 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பாலியல் துன்புறுத்தல் நடந்தது சட்டப்படி உறுதியான 236 குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனைகளைப் பார்த்தார்கள். பெண் குழந்தைகளில் 14 சதவீதம் பேரிடம் மட்டுமே தெளிவான அசாதாரண அறிகுறி இருந்தது. டாக்டர் "காயம் எதுவும் இல்லை" என்று எழுதியதும் வீட்டில் "அப்போ ஒண்ணும் நடக்கலை" என்று முடிவுகட்டுவார்கள். சில நேரம் நம் ஆட்களும்தான். அந்த இடத்தில் நீங்கள் வாய்திறக்க இந்த ஓர் ஆய்வு கைகொடுக்கும்.

இரண்டாவது, குழந்தை சொன்னதை மாற்றிச் சொல்வது. 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 257 வழக்குகளை ஆராய்ந்தார்கள்; சுமார் 23 சதவீதத்தில் குழந்தை பின்வாங்கியிருந்தது. சின்னக் குழந்தைகள், பெற்றோர் இடத்தில் இருப்பவராலேயே துன்புறுத்தப்பட்டவர்கள், மற்ற பெரியவரின் ஆதரவு கிடைக்காதவர்கள் அதிகம் பின்வாங்கினார்கள். களத்துக்கு இதன் பொருள்: சித்தப்பா மீது புகார் என்றால், அம்மா யார் பக்கம் நிற்கிறார் என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். அவர் ஆடிக்கொண்டிருந்தால் அடுத்த வீட்டு விசாரணையைப் பதினைந்தாம் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஆற்றுப்படுத்துநரை அம்மாவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

குழந்தையிடம் பேசும் முறை பற்றி அமெரிக்காவின் என்.ஐ.சி.எச்.டி. என்ற தேசியக் குழந்தைநல ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லாம்ப் குழுவினர் பல ஆண்டுகள் ஆய்வு செய்திருக்கிறார்கள். "மாமா உன்னை அங்க தொட்டாரா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒரு பதில் வரும், அதை நீதிமன்றத்தில் உடைப்பது சுலபம். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து சொல்லு", "அப்புறம்?" என்று விட்டுக் கேட்டால் அதிகமும் வரும், நம்பகமாகவும் வரும். இதை எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். அதே குழுவின் அடுத்த கண்டுபிடிப்பைத்தான் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: தீவிரப் பயிற்சி பெற்றவர்கள்கூட, தாங்கள் எடுத்த நேர்காணலைப் பார்த்துத் திருத்திச் சொல்வது நின்றதும், சில மாதங்களிலேயே பழைய கேள்விகளுக்குத் திரும்பிவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு என் பதிலே இதில்தான் இருக்கிறது. மூன்று நாள் பயிற்சியை முப்பது நாள் ஆக்கினாலும், நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் தொடர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லாவிட்டால் அது தங்காது.

அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாதாந்திர ஆய்வுக் கூட்டம் எப்படியும் நடக்கிறது. அதன் கடைசி ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கேஸ், ஒரே ஒரு கேஸ். எழுதியவரே தன் அறிக்கையைச் சத்தமாகப் படிக்கட்டும். "சிறுமி பாலியல் சீண்டலுக்கு உட்படுத்தப்பட்டதாகத் தெரிவித்தார்" என்ற வரி வந்ததும் நிறுத்துங்கள். எந்தக் குழந்தையும் அப்படிப் பேசாது. அவள் சொன்ன சொல் என்ன? அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வி என்ன? அப்போது அறையில் பாட்டி இருந்தாரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியவில்லை என்றால், அடுத்த அறிக்கையில் அவை கட்டாயம் இருக்கும், பாருங்கள். இன்னொன்று: முதல் தகவல் பெறும் களப்பணியாளர் முழு விசாரணையும் நடத்தக் கூடாது. இப்போது குழந்தைக்கு ஆபத்து இருக்கிறதா, யாரால், எங்கே என்ற அளவுக்குக் கேட்டு, அவள் வார்த்தையிலேயே எழுதிவிட்டு நிறுத்துங்கள். வாக்குமூலம் வாங்கப் போக்சோவின் 24-ஆம் பிரிவுப்படி சீருடை இல்லாத காவல் அதிகாரி வருவார். இயன்றவரை, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்லவைத்தால் ஐந்து வடிவம் வரும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

அதே கூட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு புதிய விஷயத்தை அரைப்பக்கத் தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும்: என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, நம் வேலையில் என்ன செய்ய வேண்டும். வருடத்துக்குப் பன்னிரண்டு அரைப்பக்கம். வாட்ஸ்அப் குழுவின் மொத்தக் குவியலைவிட அது பயன்படும். பாடப்பொருளுக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் 'சம்வாத்' குழந்தைகளோடு பேசும் முறை பற்றி நிறைய வைத்திருக்கிறது. 2004 முதல் சென்னையில் இயங்கும் 'துளிர்' பாலியல் துன்புறுத்தல் தடுப்பிலேயே வேலை செய்யும் அமைப்பு.

ஒரு நிபந்தனை. அந்த ஒரு மணி நேரம் திட்டு வாங்கும் இடமாகிவிட்டால், எல்லாரும் நன்றாக முடிந்த கேஸை மட்டும் கொண்டுவருவார்கள். முதல் இரண்டு மாதம் அலுவலரே தன் கேஸைக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் வராது. பெயர், ஊர், பள்ளி எதுவும் அந்தத் தாளில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எஃப்.ஐ.ஆர். படத்தைப் போடும் வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பயிற்சியே கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்சோ 43-ஆம் பிரிவு அரசு அலுவலர்களுக்கும் காவல் துறையினருக்கும் அவ்வப்போது பயிற்சி தர அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் கடிதம் எழுதுங்கள். "பயிற்சி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் மறுபடி அதே 53 சதவீத ஸ்லைடுதான் வரும். குழந்தையிடம் கேள்வி கேட்டுப் பழகும் அரைநாள் பயிற்சி வேண்டும், மூன்று மாதம் கழித்து அதே பயிற்றுநர் வந்து எங்கள் அறிக்கைகளைப் பார்க்க வேண்டும், அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்தும் அரசு மருத்துவமனையிலிருந்தும் தலா ஒருவர் கூடவே உட்கார வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாவது கோரிக்கையைத்தான் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், வேண்டுமானால் முதல் நாளின் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.