ரோட்டை அகலப்படுத்தினால் வடசென்னைப் புறநகர் நெரிசல் தீருமா?

கேள்வி: "மாதவரம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்கிறோம். அகலப்படுத்தினால் நெரிசல் உண்மையிலேயே தீருமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?"

வண்டி எந்த இடத்தில் தேங்குகிறதோ, அந்த இடத்தை அகலப்படுத்தினால் சில வருஷத்துக்காவது தீரும். இரண்டு சிக்னலுக்கு நடுவில் கிடக்கிற ரோட்டை மட்டும் அகலப்படுத்தினால் தீராது. நம் பக்கம் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது, ஏனென்றால் நடுரோட்டில் இடம் எடுப்பது சுலபம், முக்கில் எடுப்பது கஷ்டம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நகரச் சாலைகள் எவ்வளவு வண்டி தாங்கும் என்பதற்கு ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 106 என்ற வழிகாட்டி 1990லிருந்து இருக்கிறது. எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள், அந்த அலகுக்குப் பெயர் பி.சி.யு. கார் 1. டூவீலர் 0.5 முதல் 0.75. ஆட்டோ 1.2 முதல் 2. பஸ், லாரி 2.2 முதல் 3.7. ரோட்டில் அந்த வகை வண்டி எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ, அதைப் பொறுத்துக் கீழ் எண்ணோ மேல் எண்ணோ வரும். இதன்படி ஒரு பிரதான சாலை இரண்டு லேனாக இருந்தால் மணிக்கு 1500 பி.சி.யு.வுக்கு வடிவமைக்கலாம். மீடியன் (நடுத்தடுப்பு) இல்லாத நாலு லேன் என்றால் 3000, மீடியன் போட்டால் 3600, ஆறு லேனுக்கு 5400. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதே அட்டவணையில் அடுத்த கட்டத்தைப் பலரும் படிப்பதில்லை. மேலே சொன்ன எண்கள் ஓரத்தில் வண்டி நிற்காத, கடைவாசல் ரோட்டில் திறக்காத, குறுக்குத் தெரு அதிகம் இல்லாத சாலைக்கு. ஓரத்தில் பார்க்கிங், வாசலுக்கு வாசல் கடை, சந்துக்குச் சந்து குறுக்குப் போக்குவரத்து என்று இருந்தால், மீடியன் இல்லாத அதே நாலு லேனுக்கு 1800தான். அதாவது இரண்டு லேன் ரோட்டை நாலாக்கி, புதிதாகக் கிடைத்த ஓரத்தில் லாரியும் பஞ்சர் கடையும் வந்துவிட்டால், 1500 இருந்த இடத்தில் 1800 கிடைக்கும். அகலம் இரட்டிப்பு, பலன் ஐந்தில் ஒரு பங்கு. எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் ரோட்டோரத்தில் டிரெய்லர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது சிக்னல். பாட்டில் கழுத்து மாதிரி ரோட்டை இறுக்கும் உண்மையான கழுத்து இதுதான். சந்திப்பில் பச்சை விழுந்ததும் எவ்வளவு வண்டி கடக்கும் என்பதற்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு: சந்திப்பை நெருங்கும் பகுதியின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரப் பச்சைக்கு எத்தனை பி.சி.யு. என்று வரும். 7 மீட்டர் என்றால் 3675. ஆனால் பச்சை மணிக்கணக்கில் விழுவதில்லையே. 120 வினாடி சுற்றில் உங்கள் பக்கத்துக்கு 40 வினாடி கிடைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு, 1225. பின்னால் இருக்கிற ரோடு ஆறு லேனாக இருந்தாலும் எட்டு லேனாக இருந்தாலும், முக்கில் 7 மீட்டர் இருக்கும்வரை 1225க்கு மேல் போகாது. அந்த 7 மீட்டரிலும் பூக்கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு நின்றால் மிச்சம் 3.5 மீட்டர்தான். அந்த அகலத்துக்கு மணிக்கு 1890 என்று எடுப்பார்கள், 40 வினாடிப் பச்சைக்கு 630. ஒரு ஆட்டோ பாதி ரோட்டைத் தின்றுவிட்டது.

இதையே திருப்பிப் போட்டால் தீர்வும் தெரியும். முக்கை மட்டும் 10.5 மீட்டராக்கினால் 1225 என்பது 1837 ஆகிறது. எவ்வளவு நீளத்துக்கு? கூடுதல் லேனில் 40 வினாடிப் பச்சைக்குள் கடக்கக்கூடியது சுமார் 21 கார். ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் வைத்தால் 126 மீட்டர். அதற்குப் பின்னால் எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்தப் பச்சையில் ஒரு வண்டி கூடக் கூடுதலாகக் கடக்காது. சந்திப்பைத் தாண்டியும் அதே அளவு நீளத்துக்கு அகலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடந்த வண்டிகள் எதிர்ப்பக்கம் குறுகும்போது முட்டி நின்று சந்திப்பையே அடைக்கும். ஆக நாலு முக்கில் 130 மீட்டர் அகலப்படுத்தினால் கிடைப்பது, நாலு கிலோமீட்டர் அகலப்படுத்தியும் கிடைக்காது. செலவும் கொஞ்சம்தான். ஆனால் முக்கில்தான் கோயில், டிரான்ஸ்பார்மர், மூன்று தலைமுறைக் கடை எல்லாம் இருக்கும். எந்த அதிகாரியும் அங்கே கைவைக்க யோசிப்பார்.

அகலப்படுத்துவதால் ஒரு நஷ்டமும் உண்டு. நடப்பவர் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடப்பார் என்று கணக்கு, அதோடு இறங்குவதற்கு 7 வினாடி. 7 மீட்டர் ரோட்டைக் கடக்க 13 வினாடி போதும். 21 மீட்டர் ஆனால் 24, 25 வினாடி வேண்டும். அந்தப் பன்னிரண்டு வினாடி வண்டிகளின் பச்சையிலிருந்துதான் போகிறது, 120 வினாடி சுற்றில் பத்து சதவீதம். அதைக் கொடுக்காவிட்டால் பள்ளி விடும் நேரத்தில் ஜனம் நடுவில் மாட்டும், அப்போது சிக்னலை யாரும் மதிக்க மாட்டார்கள். மீடியனில் ஆள் நிற்கிற மாதிரி ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒதுங்கும் இடம் வைத்து, இரண்டு தவணையாகக் கடக்க விடுவதுதான் இதற்கு வழி. நம் மீடியன்களில் பெரும்பாலும் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருக்கிறது.

ரயில்வே கேட் இன்னும் மோசம். இரண்டு லேன் ரோட்டில் ஒரு திசையில் மணிக்கு 750 பி.சி.யு. வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டை 8 நிமிடம் மூடினால் 100 சேரும். திறந்த பிறகு ஒழுங்காக ஒரே வரிசையில் போனால் ஐந்தரை நிமிடத்தில் காலியாகிவிடும். ஆனால் ஒழுங்காக நிற்பார்களா? மூடிய இரண்டாவது நிமிடத்திலேயே டூவீலர்கள் வலது பாதிக்கு ஏறிவிடும், பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் டாடா ஏஸ். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. திறக்கும்போது தண்டவாளத்தின் இருபுறமும் முழு அகலத்துக்கு வண்டிகள் முகத்துக்கு முகம். ரோட்டை அகலப்படுத்தினால் எதிரெதிரே நிற்கும் வரிசை கூடுகிறது, அவ்வளவுதான். கேட்டுக்கு முன்னால் நூறு மீட்டருக்காவது ஏற முடியாத உயரத்தில் மீடியன் கட்டை வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும். முழுத் தீர்வு மேம்பாலம்தான். ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகன அலகுகளையும் பெருக்கி ஒரு லட்சம் வந்தால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து பாலம் கட்டலாம் என்பது நடைமுறை. சுரங்கப்பாதை வேண்டாம் என்பது என் கருத்து. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

இப்போது துறைமுகப் பக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கண்டெய்னர் வரிசையைப் பார்த்து ரோடு போதவில்லை என்று சொல்வது வழக்கம். ரோடு அங்கே குற்றவாளி இல்லை. ஒரு டிரெய்லர் 40 அடிப் பெட்டியோடு சுமார் 16 மீட்டர், இடைவெளியோடு 18. துறைமுகக் கேட்டில் ஃபார்ம் 13 என்ற நுழைவுப் படிவம், சீல், டிரைவர் பாஸ் எல்லாம் பார்த்து ஒரு வண்டியை விட 2 நிமிடம் ஆகிறது என்று கொள்ளுங்கள். ஒரு கேட் லேனில் மணிக்கு 30 வண்டி. 40 வந்தால், மணிக்கு 10 வண்டி மிஞ்சும், வரிசை மணிக்கு 180 மீட்டர் நீளும். பத்து மணி நேரத்தில் 1.8 கிலோமீட்டர். ஒரு ஸ்கேனர் பழுதானாலோ சர்வர் படுத்தாலோ இன்னும் வேகமாக நீளும். ரோட்டை அகலப்படுத்தினால் இந்த வரிசை ஒன்றுக்கு இரண்டாக நிற்கும், நீளம் பாதியாகும், டிரைவர் காத்திருக்கும் நேரம் ஒரு நிமிடம் கூடக் குறையாது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் 1990களின் இறுதியில் பேசத் தொடங்கி, பத்து வருஷத்துக்கு மேல் இழுத்துத்தான் முடிந்தது. ரோடு வந்த பிறகும் டிரெய்லர் வரிசை செய்தியில் வந்துகொண்டேதான் இருந்தது. 2009இல் தொடங்கி 2012இல் நின்று, 2022இல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலையும் கேட்டில்தான் போய் முடிகிறது. கேட் வேகமாகாவிட்டால் வரிசை தரைக்குப் பதில் மேலே நிற்கும்.

இங்கே வேலைக்கு ஆவது: கேட்டுக்கு வரும் நேரத்தை முன்பதிவு செய்து பிரித்துவிடுவது, பேப்பர் சரியாக இல்லாத வண்டியைக் கேட்டுக்கு வருவதற்கு முன்பே ஒதுக்கி நிறுத்த ஒரு யார்டு, கேட் லேன்களைக் கூட்டுவது, பெட்டிகளில் ஒரு பங்கை ரயிலில் ஏற்றுவது. நிற்கும் வரிசைக்கென்று ஒரு லேனைக் கான்கிரீட்டில் போடுவதும் அவசியம். 2018இல் நாலு டயர் கொண்ட ஒற்றை அச்சின் எடை வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. ரோட்டுக்கு ஆகும் சேதம் எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். 8.16 டன் என்ற நிலையான அச்சோடு ஒப்பிட்டால், பழைய வரம்பில் சுமார் 2.4 மடங்கு, புதிய வரம்பில் ஏறக்குறைய 4 மடங்கு. அதுவும் மே மாத வெயிலில் தார் இளகும்போது வண்டி ஊர்ந்து ஊர்ந்து நின்றால் சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் தார் மேடாகப் பிதுங்கும். அந்தப் பள்ளத்தைத் தவிர்க்க எல்லா வண்டியும் ஒதுங்குவதால், அகலப்படுத்திய லேன் மறுபடி இல்லாமல் போகும்.

"ரோடு போட்டால் வண்டி பெருகும், அதனால் அகலப்படுத்துவதே வீண்" என்ற வாதத்தையும் இணையத்தில் அடிக்கடி பார்க்கலாம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆன்டனி டவுன்ஸ் 1962இல் சொன்னது இது: வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், ரயிலில் போனவர் மூவரும் புது ரோட்டுக்கு வந்து நிரப்பிவிடுவார்கள். 2011இல் டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்து, லேன் நீளம் கூடுகிற அளவுக்கு ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். மாதவரம்–ரெட்டேரி–கொளத்தூர் 200 அடி ரோட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். ரோடு வந்தால் மனை விலை ஏறும், அடுக்குமாடி வரும், அதில் குடியேறியவர் வண்டி வாங்குவார். ஆனால் கண்டெய்னருக்குப் பொருந்தாது. துறைமுகத்துக்கு எத்தனை பெட்டி வரும் என்பதைக் கப்பலும் வியாபாரமும் தீர்மானிக்கின்றன, ரோட்டின் அகலம் அல்ல. ஆகவே இரண்டையும் ஒரே சொல்லில் அடிக்காதீர்கள். மணலி பக்கம் டிரெய்லரும் டூவீலரும் ஒரே லேனில் உரசிக்கொண்டு போகும் இடத்தில் அகலப்படுத்தக் கேட்பது உயிர் காக்கும் கோரிக்கை, நெரிசல் தீராவிட்டாலும் நியாயம்.

அகலப்படுத்தும் வேலை எப்படிக் கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டட அனுமதி கேட்கும்போது சாலைக்கு விட வேண்டிய இடத்தைச் சி.எம்.டி.ஏ. எழுதி வாங்கும். புதிதாகக் கட்டியவர் பின்வாங்கியிருப்பார், பக்கத்துப் பழைய வீடு முன்னாலேயே நிற்கும். ரோட்டின் ஓரம் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். அந்தப் பொந்துகளில் வண்டி ஓடாது, வண்டி நிற்கும். இ.பி. பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்பார்மர், குடிநீர் வால்வு எல்லாம் பழைய ஓரத்திலேயே இருக்கும், அவை இப்போது ரோட்டுக்குள். மழைநீர் வடிகால் மூடி புதுத் தாரைவிட ஒரு சாண் மேலேயோ கீழேயோ இருந்தால், டூவீலர்காரர் அந்தக் கடைசி ஒரு மீட்டரைத் தொடவே மாட்டார். ஆவணத்தில் 10.5 மீட்டர், ஓட்டத்தில் 7.

இன்னொரு கணக்கு. அறுபது பேரை டூவீலரில் வண்டிக்கு ஒன்றரைப் பேராக அனுப்பினால் 40 வண்டி, 30 பி.சி.யு. காரில் இரண்டு இரண்டு பேராக அனுப்பினாலும் 30தான். ஒரே பஸ்ஸில் என்றால் 2.2. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது, ஆனால் காலடிப்பேட்டையிலோ தேரடியிலோ இறங்கியவர் உள்தெருவுக்குப் போகச் சிற்றுந்து கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே டூவீலருக்குத் திரும்பிவிடுவார். பஸ் நிறுத்தத்தைச் சிக்னலுக்கு முன்னால் வைக்காமல், தாண்டி எழுபது மீட்டராவது தள்ளி வைப்பது ஒரு ரூபாய் நிலம் எடுக்காமல் செய்யக்கூடிய வேலை.

உங்கள் பகுதியில் எது கழுத்து என்று நீங்களே பார்க்கலாம். காலை எட்டரை மணிக்கு வரிசையின் வாலில் நிற்காமல் தலைக்குப் போங்கள். அதற்கு அப்பால் ரோடு காலியாக இருந்தால், அந்த இடம்தான் கழுத்து. அப்பாலும் அடைத்திருந்தால் இன்னும் முன்னால் நடங்கள். கழுத்தில் நின்று 15 நிமிடம் வகைவாரியாக எண்ணி, பி.சி.யு.வாக்கி நாலால் பெருக்குங்கள். அகலத்தை நாடா வைத்து அளந்து, பச்சை வினாடியைக் குறித்து, மேலே சொன்ன வாய்பாட்டில் போடுங்கள். வாய்பாடு சொல்வதைவிட மிகக் குறைவாக வண்டி கடந்தால், அகலம் இருக்கிறது, ஏதோ ஒன்று அதை மறைத்து நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்து வரிசையும் வளர்ந்தால்தான் அகலமோ பச்சை நேரமோ கூட வேண்டும்.

மனு கொடுக்கும்போது ரோடு யாருடையது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: மாநகராட்சியின் பேருந்து தடச் சாலைகள் துறையா, மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலை ஆணையமா. அகலப்படுத்தும் திட்டம் ஏற்கெனவே இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, டிபிஆரில் (விரிவான திட்ட அறிக்கை) உள்ள சந்திப்பு வாரியான வாகனக் கணக்கையும், ஒவ்வொரு சந்திப்பின் வரைபடத்தையும், கம்பம் மாற்றும் பட்டியலையும் கேளுங்கள். அதில் நடுரோட்டுக் கணக்கு மட்டும் இருந்து சந்திப்புக் கணக்கு இல்லை என்றால், ஆட்சேபணைக் கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதலாம்.