சார்கோய்டோசிஸ் உறுதியாகிவிட்டது, சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர், தமக்கு நுரையீரலில் சார்கோய்டோசிஸ் இருப்பது உறுதியாகிவிட்டதாகவும், ஆரம்பப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் அதைச் சொல்வதா மறைப்பதா என்று புரியவில்லை என்றும், அவர்களுக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து அவர்களைப் பக்கத்தில் படுக்கவிடுவதைக்கூட நிறுத்திவிட்டதாகவும் கேட்டிருக்கிறார். நான் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையொன்றில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். எனக்கும் இதே நோய்தான். எனக்கும் இரண்டு பிள்ளைகள். நான் மருத்துவன் அல்லன். கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வீட்டில் கடந்து வந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

சகோதரி, முதலில் இன்றிரவே பிள்ளைகளைப் பழையபடி உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள். இந்த நோய் யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. இருமலாலோ, எச்சில் பட்ட தட்டாலோ, முத்தத்தாலோ பரவாது. இது காசநோயும் அன்று, புற்றுநோயும் அன்று. உடலின் எதிர்ப்பு அணுக்கள், எதனால் என்று இன்றுவரை உறுதியாகக் கண்டறியப்படாத ஒரு தூண்டுதலால், உறுப்புகளுக்குள் சிறு சிறு மணிகளாகத் திரண்டு நின்றுவிடுகின்றன. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அவை நுரையீரலிலும் நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும்தான் திரள்கின்றன. இரத்த உறவினரிடையே இந்நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான் என்றாலும், தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வரும் என்ற கணக்கு இதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இது தானாகவோ மருந்தாலோ அடங்கிவிடுகிறது. சிலருக்கு நீண்டகாலம் தொடர்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதல் சில மாதங்களில் எந்த மருத்துவராலும் சொல்லிவிட முடியாது. அந்தக் காத்திருப்பு கொடியது என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் அறிவேன்.

பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் வெளியார் சொல்வதற்கு முன்பாகச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். நம் தோட்டங்களில் நெஞ்சில் நோய், சளிப் பரிசோதனை, பெரிய மருத்துவமனை என்ற மூன்றும் ஒருவர் பெயரோடு சேர்ந்துவிட்டால் ஊர் காசம் என்றே முடிவு கட்டிவிடும். சார்கோய்டோசிஸின் எக்ஸ்ரே காசநோயின் எக்ஸ்ரேயைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர்கள் சளியைச் சோதித்து, கணுவிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து, காசம் இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்த முடிவுக்கு வருகிறார்கள். அதைத்தான் அவர்கள் செய்ய வேண்டும். ஆனால் ஊரார் காதில் விழுவது சளிப் பரிசோதனை என்பது மட்டுமே. என் வீட்டில் என் தாயாரே எனக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பிரித்து, அதன் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்திருந்தார். அன்பினால்தான் செய்தார், பேரப்பிள்ளைகளைக் காப்பதாக நினைத்துச் செய்தார். ஆனால் இரண்டாம் ஆண்டு படித்த என் மகள் அந்தப் புள்ளியைக் கவனித்துவிட்டு, நான் குடித்து வைத்த தண்ணீரைத் தொடாமல் விலகிப் போனாள். அன்று மாலையே தாயாரையும் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து நோயின் பெயரைச் சொன்னேன். திருடனே இல்லாத வீட்டு வாசலில் காவலாளிகள் கூட்டமாகக் கூடி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் போல அப்பாவின் உடம்புக்குள் நடக்கிறது, அவர்களைக் கலைந்து போகச் சொல்லத்தான் மருந்து என்று விளக்கினேன். மகள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா செத்துப்போவீங்களா?" பெரும்பாலோர் இந்த நோயால் இறப்பதில்லை, அப்பாவை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்க மாட்டேன் என்று பதில் சொன்னேன். ஒன்றுமே ஆகாது என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுப்பதை நான் ஏற்கவில்லை. நாளைக்கு மருந்து மாறும்போதோ மருத்துவமனையில் தங்க நேரும்போதோ அந்த வாக்கு உடையும். அதன் பிறகு நாம் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. வகுப்பாசிரியரிடமும் இரண்டு வரியில் சொல்லி வையுங்கள். பள்ளியில் யாராவது வாய் தவறிப் பேசினால் உண்மை தெரிந்த பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார்.

அடுத்தது மருந்து. எல்லோருக்கும் உடனே மருந்து தருவதில்லை. தந்தால் பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான், நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லிகிராமில் தொடங்கிப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். காலையில் சாப்பிட்ட பிறகு விழுங்க வேண்டிய இந்த மாத்திரை குடும்பம் முழுவதையும் பாதிக்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பசி அடங்காது, இரவில் தூக்கம் வராது, முகம் உப்பும், சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்கும். அந்த எரிச்சல் மருந்தால் வருவது என்பதைப் பிள்ளைகளிடம் முதல் மாத்திரை விழுங்கும் நாளிலேயே சொல்லிவிட்டால், நம் முகத்தைப் பார்த்துத் தங்கள்மேல்தான் தவறு என்று அவர்கள் முடங்கிப் போக மாட்டார்கள். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்கள் தொடர்ந்து எடுத்த உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும், திடீர் நிறுத்தம் ஆளைச் சாய்த்துவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது, நம் இந்தியரிடையே அது இன்னும் அதிகமாக இருந்தது. பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும் என்பதால் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மெத்தோட்ரெக்சேட் தந்தால், அது வாரத்தில் ஒரே நாள் மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கருவையும் அது பாதிக்கும் என்பதால், இன்னொரு குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் மருந்து தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எல்லா மாத்திரைகளும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சோர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோராக இருப்பவரை அதிகம் வதைப்பது அதுதான். நுரையீரல் சோதனை நன்றாக வந்த பிறகும் இந்தச் சோர்வு மாதக்கணக்கில் தங்கும். தூங்கி எழுந்தாலும் தீராது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பலாகத் தெரியும். எனக்குக் காலையில் ஓரளவு தெம்பு இருக்கும், மூன்று மணிக்கு மேல் கை கால் ஓய்ந்துவிடும். ஆகவே பிள்ளைகளோடு கழிக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டோம். விடியுமுன் எழுந்து நான் பசியாறல் செய்து, தலைவாரி, மோட்டார் சைக்கிளில் பள்ளியில் கொண்டுபோய் விடுவேன்; மாலை வீட்டுப்பாடத்தை நான் படுத்திருக்கும் கட்டிலுக்கே கொண்டுவந்து, என் முழங்காலின் மேல் நோட்டை வைத்து எழுதுவார்கள். மகன் படிவம் ஒன்றில் படிக்கிறான். கடைக்குப் போவது, துணி மடிப்பது போன்ற வேலைகளை அவனிடம் கொடுத்திருக்கிறோம். ஆனால் தங்கையைக் கவனிக்கும் பொறுப்பையோ என்னைக் காவல் காக்கும் பொறுப்பையோ அவன் தலையில் கட்டுவதில்லை என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். உதவி செய்கிறோம் என்று முன்வரும் உறவினரிடம் கூச்சப்படாமல் இன்ன நாள் இன்ன வேலை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் மறக்கக் கூடாத ஒன்று அம்மை. பிரெட்னிசோலோன், மெத்தோட்ரெக்சேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவருக்குச் சின்னம்மையும் தட்டம்மையும் கடுமையாக வரக்கூடும். வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால், வேப்பிலை கட்டி மாரியம்மனை வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அன்றே கிளினிக்கை அழைத்து, உங்களுக்கு முன்பு அம்மை கண்டதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எலும்புக்கு நல்லது என்று யாராவது கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் வாங்கிக் கொடுத்தால் மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். இந்த நோயில் திரண்ட அணுக்கள் வைட்டமின் டியைத் தாமே வீரியமாக்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாட்டு மருந்துப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்றதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. உறையில் MAL என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவெண் இல்லாத எதையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. 2015, 2019 ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் சூழும் காலத்தில் வெளி வேலையைக் குறைத்து, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஈராண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைவானவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரை கிடைக்கும். அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான் என்பதால், தொடர் சிகிச்சைக்குக் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் ஒருமுறை கண் நிபுணரிடம் காட்டுங்கள்; இருதயத்துக்கு இசிஜி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். நோய் அந்த இரண்டு இடங்களையும் தொடக்கூடும், பல சமயம் சத்தமில்லாமல் தொடும். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே போக வேண்டும். நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 999 என்ற எண், எங்கள் வீட்டு முகவரி, நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு, அடுத்த தெருவில் இருக்கும் என் மைத்துனரின் தொலைபேசி எண். பிள்ளைகள் இருவருக்கும் அதைப் படித்துச் சொல்லப் பழக்கியிருக்கிறோம். மருந்தின் அளவு மாறும்போதெல்லாம் மகன் புதிய தாள் எழுதி ஒட்டிவிடுகிறான். நீங்களும் அப்படி ஒன்றை மலாயிலும் எழுதி வைத்தால் ஆம்புலன்சில் வருபவர்களுக்கு எளிதாக இருக்கும்.