தண்ணீர்மலையில் இருக்கும் சைக்கஸ் டைனோசர் காலத்துச் செடியா?

தண்ணீர்மலையில் உள்ள பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போனபோது, பனைபோல இருந்த சைக்கஸைக் காட்டி நண்பர் 'டைனோசர் காலத்துச் செடி' என்றாராம்; உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. அதன் வம்சம் டைனோசர்களைவிடப் பழையது. ஆனால் இன்றுள்ள சைக்கஸ் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1.2 கோடி ஆண்டுகளில் கிளைத்தவை என்கின்றன மரபணு ஆய்வுகள். அதோடு, அது பனையே அல்ல. பூக்காது, காய்க்காது, விதை மட்டும் உண்டு.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பாறையில் புதைபடிவமாக 'சைக்கஸ் இலை' போலத் தெரிவதெல்லாம் சைக்கஸ் இல்லை. இங்கேதான் இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி வருகிறார். இந்தியாவின் ராஜ்மகால் மலைகளில் இலை, தண்டு, பூப்போன்ற உறுப்பு என்று புதைபடிவங்கள் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேறு! டைலோஃபில்லம் இலை, பக்லாண்டியா தண்டு, வில்லியம்சோனியா பூ. இவை ஒரே செடியின் பாகங்கள் என்று 1932இல் சாஹ்னி பொருத்திக் காட்டினார். கல்லாகிப்போன தண்டை மெல்லிசாக அறுத்து, நுண்ணோக்கியில் உள் அமைப்பை ஒப்பிட்டுச் செய்யும் வேலை அது. சும்மா ஊகம் இல்லை.

சரி, அந்தச் செடி சைக்கஸா? பார்வைக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் இலைத்தோலில் உள்ள துளைகள் உருவாகும் விதமே வேறு. அது பென்னட்டைட்டேலிஸ் என்ற, முற்றிலும் அழிந்துபோன தனிக் கூட்டம்.