வாசகர் கேள்வி – பதில்: குளிக்க முடியாத நீரூற்று நகரம்

கேள்வி: என் மகன் கிளாஸ்கோவில் படிக்கிறான். ஆடி மாதத்தில் எங்களை அங்கே அழைத்திருக்கிறான். அருகில் மொஃபட் என்றொரு பழைய நீரூற்று நகரம் இருக்கிறதாம். மூட்டுவலியால் அவதிப்படும் நான், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதுபோல் அங்கே குளிக்க முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா. மொஃபட்டின் நீர் வெந்நீர் அன்று. அழுகிய முட்டை நாற்றம் வீசும் குளிர்ந்த கந்தக நீர். 1633 இல் ரேச்சல் வைட்ஃபோர்ட் என்ற பெண்மணி அந்த ஊற்றைக் கண்டறிந்ததாகக் கூறுவர். அதன்பின் தோல்நோயும் வாதநோயும் உடையவர்கள் குதிரை வண்டிகளில் அங்கே வந்து குவிந்தனர். ஊற்று நகருக்கு வெளியே மேட்டுப்பாங்கான இடத்தில் இருந்ததால், நோயாளிகள் ஏறிப்போகும் சிரமத்தைத் தவிர்க்க, நீரைக் குழாய் வழியாகக் கீழே கொண்டுவந்து 1827 இல் கடைவீதியிலேயே குளியல் மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். இன்று அது நகர மண்டபமாகிவிட்டதால் அங்கே குளிக்க இயலாது. 1878 இல் திறக்கப்பட்ட பிரமாண்டமான நீர்ச்சிகிச்சை விடுதியும் 1921 இல் தீக்கிரையாகிவிட்டது.

ஆயினும் ஒரு பகல் செலவிடத் தகுந்த ஊர் என்பதே என் கருத்து. அகன்ற கடைவீதியின் நடுவே, 1875 இல் நிறுவப்பட்ட நீர்த்தாரையின் உச்சியில் வெண்கலச் செம்மறிக்கடா ஒன்று நிற்கிறது. ஆட்டு உரோம வணிகத்தால் வாழ்ந்த ஊருக்குப் பொருத்தமான சின்னந்தான். ஆனால் சிற்பி அதற்குக் காது வைக்கவில்லை! பழைய தேவாலய மயானத்தில், சாலையில் உடைகல் பரப்பி இறுக்கும் முறையை வகுத்த ஜோன் லௌடன் மக்கடத்தின் கல்லறை உள்ளது. நம் தோட்டப் பாதைகளில் குலுங்கிக் குலுங்கிப் பயணித்தவர்கள் அவரை ஒருகணம் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்ளலாம். முழங்கால் இடங்கொடுத்தால் மட்டும் மூல ஊற்றுவரை நடந்து சென்று மோந்து பாருங்கள், குடிக்க வேண்டாம்.

நகருக்குள் இப்போது ரயில் இல்லை. அண்மை நிலையம் லொக்கர்பி. கிளாஸ்கோவிலிருந்து சாலைவழியே செல்வதே உங்களுக்கு எளிது. தலவாக்கலைக் குளிருக்குப் பழகிய உங்களுக்கு அவ்வூரின் கோடைக்காலம் புதிதாக இராது. எனினும் ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: நுவரெலியாவையும் இத்தகைய ஸ்கொட்லாந்து நகரங்களைப் பார்த்துத்தான் அமைத்தார்களா?
– வாசகர், நானுஓயா

பதில்: அப்படிச் சொல்வதற்கில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆங்கிலேயர். நோயுற்ற படையினரும் அதிகாரிகளும் உடல் தேறுவதற்காகவே 1829 அளவில் அவர் அங்கே சுகவாச நிலையத்தை ஏற்படுத்தினார். இடம் மாறினால் நோய் தணியும் என்ற அக்கால நம்பிக்கையே இரண்டுக்கும் பொது. மொஃபட்டில் நீரை நம்பினார்கள், நுவரெலியாவில் காற்றை நம்பினார்கள்.

ஸ்கொட்லாந்தின் தடத்தை நம் தேயிலையிலும், பல்மோரல், எடின்பரோ, ஹோலிரூட் என்னும் தோட்டப் பெயர்களிலும் தேடுவதே சரி. 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், கிங்கார்டின்ஷயரில் பிறந்தவர். அது மொஃபட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருக்கிறது. அவருடைய கல்லறையோ கண்டி மஹய்யாவ மயானத்தில் இருப்பதால், அதைப் பார்க்க உங்களுக்கு விசா வேண்டியதில்லை.