அவள் சோம்பேறி இல்லை, தங்கச்சி

தங்கச்சி, திருச்சியிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது, ஒன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு இன்னும் ஒரு வரி வாசிக்க வரவில்லை, தமிழ்ப்பள்ளியை விட்டு மலாய்ப்பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். பேசத் தெரிந்த மொழியில்தான் அவளுக்கு வாசிப்பு முதலில் பிடிபடும். மலாயில் ‘பாத்து’ என்று சரியாகவே கூட்டிப் படித்தாலும், அது கல் என்று அவளுக்குத் தெரியாதே.

நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். என் மூத்தவன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் வேறு வரியில் இருக்கும். டியூஷனில் ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தடவை எழுத வைத்தார்கள். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அந்த வருஷம் முழுக்க நானும் அவனைத் திட்டினேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சை அடைக்கிறது.

பிறகு ஈப்போவில் ஒரு சிறப்புக்கல்வி ஆசிரியைதான் வழி காட்டினார். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் தொடங்கிவைத்த வழி அது. ஒலியைக் கேட்டு, எழுத்தைப் பார்த்து, விரலால் வரைந்து, வாயால் சொல்ல வேண்டும். ஒன்று கைவந்த பிறகுதான் அடுத்தது. ஆரம்பத்தில் புத்தகமே வேண்டாம். ‘படம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘ப’வை எடுத்துவிட்டு ‘த’ போட்டால்? ‘தடம்’. இந்த வித்தியாசம் காதில் விழாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டிப் பயனில்லை.

247 எழுத்து என்று மிரட்டாதீர்கள். அட்டவணை வரிசையிலும் போகாதீர்கள். துணைக்கால் முதலில்: ம, மா, ப, பா. அது எழுத்துக்கு வலப்பக்கம் தனியாக நிற்பதால் கண்ணுக்குச் சுலபம். பிறகு இகரம். கு, சு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம், அதனால் உகரத்தை மெதுவாக. கொம்பு கடைசியில்தான். ‘மே’ என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ ‘ம்’. என் மகன் மாதக்கணக்கில் திணறியது அங்கேதான். கொம்பைச் சிவப்பில் தனி அட்டையில் எழுதி, அவனே நகர்த்தி ஒட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மலாய் கூடவே வரட்டும். அதில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி. வீட்டில் ஆங்கிலம் கொஞ்சம் பொறுக்கட்டும். கோப்பைக்கான மலாய்ச் சொல் ‘சாவான்’. மலாயையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ‘சாவானில்’ முதலில் நிற்பது c, அங்கே அது ‘ச்ச’ என்று ஒலிக்கும். அதே எழுத்து, ஆங்கிலத்தில் பூனையைச் சொல்லும் ‘கேட்’டில் ‘க’ ஆகிவிடுகிறது. ஒரே காலையில் இரண்டையும் பார்க்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

பதினைந்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அப்படியும் தேறாவிட்டால், டிஸ்லெக்சியாவா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமமா என்று பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பெயர் தெரிந்தால் பள்ளியில் உதவி கேட்பது சுலபம்.

என் மகனுடைய அட்டைகள் இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கொம்பு அட்டை இரண்டு தொலைந்துவிட்டது, எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.