பெயிண்டுக்கு முன்னால் சக்கரம்: பழைய பாணி ஸ்லாட் கார் கட்டும் வரிசை

கேள்வி: 1/32 அளவில் ஃபோர்டு ஜிடி40 மார்க் 2 ரெசின் பாடி ஒன்று வாங்கியிருக்கிறேன். 1966 லெ மான் பந்தயத்தில் ஓடிய வண்டி போல அதை, தடத்தின் காடியில் மின்சாரத்தில் ஓடும் ஸ்லாட் காராகச் செய்ய ஆசை. இதற்கு முன் செய்த வண்டியில் டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டி மேலே கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்ததும் டெக்கல் சுருங்கிவிட்டது. வளைவுகளில் அது அடிக்கடி கவிழவும் செய்கிறது. இந்த முறை சேஸிஸையும் (அடிச்சட்டம்) பித்தளையில் நானே செய்யலாமா? எதை முதலில் செய்வது, பெயிண்டில் எதைக் கவனிப்பது?

பதில்: சேஸிஸைத் தாராளமாக நீங்களே செய்யலாம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஸ்லாட் கார் மோகம் உச்சத்தில் இருந்தபோது, கடையில் வாங்கிய சேஸிஸை ஓரம் வைத்துவிட்டுப் பித்தளையும் பியானோ கம்பியும் (விறைப்பான எஃகுக் கம்பி) வைத்துத் தாங்களே பற்றவைத்தவர்கள் ஏராளம். இன்று பழைய பாணி என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் கைவேலைதான். மீதிப் பாதி வண்டி நிற்கும் தோரணை. நீங்கள் பெயிண்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். ஆனால் ஒரு வண்டியைப் பார்த்தவுடன் ‘அந்தக் காலத்து வண்டி’ என்று தோன்ற வைப்பது சக்கரத்தின் அளவும், அது பாடிக்குள் உட்கார்ந்திருக்கும் இடமும், தரையிலிருந்து பாடி நிற்கும் உயரமும்தான். இந்த மூன்றும் தவறினால் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் பொம்மை மாதிரிதான் இருக்கும். அதனால் பிரைமர் டப்பாவை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். சேஸிஸ் ஓடி, பாடி அதன்மேல் சரியாக உட்கார்ந்த பிறகு அதை எடுக்கலாம்.

முதலில் அளவு. ஜிடி40-இன் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 95 அங்குலம், அதாவது 2413 மில்லிமீட்டர். 32-ஆல் வகுத்தால் 75.4 மில்லிமீட்டர். பெயரிலுள்ள 40 வண்டியின் உயரத்தைக் குறிப்பது. சுமார் 40 அங்குலம் என்று வைத்தால் உங்கள் மாடல் தரையிலிருந்து கூரை வரை 32 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். ரெசின் பாடிகள் வார்ப்பில் கொஞ்சம் சுருங்குவது உண்டு. சக்கர வளைவுகளின் மையத்திலிருந்து மையம் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்தால் பாடியின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது சக்கரம் வளைவின் நடுவில் இருக்கிறதா என்பதுதான்.

டயர் அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வண்டியை நேர் பக்கவாட்டில் காட்டும் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து, அதில் வீல்பேஸையும் பின்டயரின் விட்டத்தையும் ஸ்கேலால் அளங்கள். டயர் அளவை வீல்பேஸ் அளவால் வகுத்து 75.4-ஆல் பெருக்கினால் உங்களுக்கு வேண்டிய விட்டம் கிடைத்துவிடும். முன்டயருக்கும் இதையே செய்யுங்கள். அந்தக் காலத்து டயர்களுக்குப் பக்கச்சுவர் உயரம், முன்டயர் பின்டயரைவிட ஒல்லி. இன்றைய வண்டிகளுக்கான பெரிய ரிம், மெல்லிய டயரைப் போட்டால் காலமே மாறிப்போகும்.

அடுத்து பாடியை இளைக்க வைக்க வேண்டும். உங்கள் பழைய வண்டி கவிழ்வதற்கு இங்கேதான் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். வளைவில் வண்டி பின்பக்கம் வழுக்கினால் டயரில் பிடிப்பு போதவில்லை என்று பொருள். வழுக்காமல் உருண்டு விழுந்தால் பிடிப்பு தாராளமாக இருக்கிறது, எடைதான் மேலே இருக்கிறது. ரெசின் பாடிகளின் கூரை தேவைக்கு மேல் தடிமனாகவே வரும். சிறிய கிரைண்டரில் உருண்டை முனை பொருத்தி உள்பக்கமாகச் சுரண்டி எடுங்கள். அவ்வப்போது விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெலிந்த இடம் பளிச்சென்றும் தடித்த இடம் மங்கலாகவும் தெரியும். கூரையும் தூண்களும் ஒரே மாதிரி வெளிச்சம் விடும் வரை சுரண்டலாம். கீழ் விளிம்பைத் தொடாதீர்கள், அங்கே எடை இருப்பது நல்லதுதான். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நல்ல மாஸ்க் போடுங்கள், உப்புத்தாளால் தேய்ப்பதை முடிந்தவரை தண்ணீர் தொட்டே செய்யுங்கள்.

இனி சேஸிஸ். ஒரு தட்டையான பலகையில் கிராஃப் தாளை ஒட்டி, இரண்டு ஆக்சில் கோடுகளையும் நடுக்கோட்டையும் கைடு (காடிக்குள் இறங்கி வண்டியை வழிநடத்தும் துண்டு) சுழலும் புள்ளியையும் வரைந்துகொள்ளுங்கள். கைடு மூக்குக்கு அடியில் எவ்வளவு முன்னால் போக முடியுமோ அவ்வளவு முன்னால் இருக்கட்டும். மோட்டாரை நீளவாக்கில் வைத்துப் பின் ஆக்சிலில் கிரவுன் கியர் (பக்கவாட்டில் பல் உள்ள சக்கரம்) போடுவதுதான் அந்தக் காலத்து எளிய அமைப்பு. மோட்டாரைச் சாய்வாக வைக்கும் முறை 1960-களின் கடைசியில்தான் பரவியது. 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று அளவில் ஓடும் சாதாரண மோட்டார் போதும். பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரம்) 9 பல், கிரவுன் 27 பல் என்று மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் தொடங்குங்கள். இன்றைய தயார் வண்டிகளில் தடத்தோடு இழுத்துப் பிடிக்க வரும் காந்தத்தை இதில் வைக்காதீர்கள். வால் மெல்ல வெளியே போய்த் திரும்பி வரும் ஓட்டம்தான் பழைய பாணியின் சுகம், காந்தம் வைத்தால் அது போய்விடும்.

நடுவில் ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் பியானோ கம்பி. முதல் சேஸிஸுக்கு இது போதும். அசையும் கைகள், கீல்கள் எல்லாம் அடுத்த வண்டியில் பார்த்துக்கொள்ளலாம். பற்றவைக்கும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். பியானோ கம்பியில் ஈயம் பிடிக்க அமில ஃபிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் பொருள்) வேண்டும், அகலமான முனையுள்ள 60 வாட் அயர்ன் வேண்டும். அயர்னால் ஈயத்தை உருக்கிச் சொட்ட விடாதீர்கள். உலோகத்தைச் சூடாக்கி, ஈயத்தை அந்த உலோகத்தில் தொடுங்கள். சரியான சூடு வந்ததும் ஈயம் கம்பியை ஒட்டிச் சட்டென்று ஓடிப் பரவும், ஓரம் மெலிந்து பித்தளையோடு கலந்த மாதிரி தெரியும். உருண்டையாகத் திரண்டு நின்றால் சூடு போதவில்லை, அந்த இணைப்பு முதல் மோதலிலேயே விட்டுவிடும். வேலை முடிந்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் அமிலம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மோட்டாரை இதற்கெல்லாம் பிறகே பொருத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பின் ஆக்சில் புஷ்களை (ஆக்சில் சுழலும் சிறு வளையங்கள்) பற்றவைக்கும்போது இரண்டிலும் நேரான ஆக்சிலைச் செருகியபடியே செய்யுங்கள். ஆறிய பிறகு ஆக்சிலை விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாகச் சுற்றினால் எண்ணெய் விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஒரு புஷ்ஷை மறுபடி சூடாக்கி நேர் செய்துவிடுங்கள். பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்து இறுக்கி, பிறகு காகிதத்தை உருவி எடுத்தால் பற்களின் இடைவெளி சரியாக அமையும்.

அப்புறம் முன்சக்கரம். வீட்டில் செய்யும் வண்டிகளில் பெரும்பாலானவை காடியை விட்டு வெளியேற இதுதான் காரணம். முன்சக்கரங்கள் மயிரிழை தாழ்ந்திருந்தாலும் அவை கைடைத் தூக்கிவிடும், கைடிலுள்ள பிரெய்டு (மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பி) தடத்தைச் சரியாகத் தொடாது. வண்டியைத் தடத்தில் வைத்து மூக்கை அழுத்தாமல் பாருங்கள். கைடு முழு ஆழத்துக்கு இறங்கி, முன்டயர்கள் பட்டும் படாமலும் இருந்தால் சரி. சேஸிஸின் அடிப்பக்கம் தடத்திலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும்.

இப்போது பாடியை ஏற்றி, உயரம் பார்த்து, திருகுத் தூண்களை எபாக்ஸியால் ஒட்டுங்கள். திருகை முழுக்க முறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்தி விடுங்கள். பாடி லேசாக ஆடினால் அதன் குலுங்கல் சேஸிஸுக்குப் போகாது, வளைவில் வண்டி நிதானமாக இருக்கும். இப்படியே, பெயிண்ட் இல்லாத பாடியோடு நன்றாக ஓட்டிப் பாருங்கள். இன்னும் உருண்டால் சேஸிஸின் இரு ஓரங்களிலும் கீழே ஈயத் தகடு சேர்க்கலாம். மொத்த எடை 80, 90 கிராமுக்குள் நின்றால் இந்த மோட்டார் சுமக்கும்.

பெயிண்டுக்கு வருவோம். வார்ப்பு அச்சில் தடவிய எண்ணெய் ரெசின் மேல் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கதவு, மூடி இவற்றின் கோடுகளை ஊசி முனையால் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள். ஜிடி40-இன் கதவு கூரைக்குள் ஏறிப்போகும், அந்தக் கோடு அதன் முகத்துக்கு மூக்கு மாதிரி, பெயிண்டில் மூழ்கக் கூடாது. முதல் பிரைமர் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும், அது ஊசித் துளைகளைக் காட்டிக் கொடுக்கும். அவற்றுக்குப் பட்டி பார்த்து, 800 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி பிரைமர்.

எந்த நிறம்? 1966-இல் முதல் மூன்று இடங்களும் மார்க் 2-க்கே கிடைத்தன. புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டி வென்ற 2-ஆம் எண் கறுப்பு, கென் மைல்ஸும் டென்னி ஹல்மும் ஓட்டிய 1-ஆம் எண் வெளிர் நீலம், மூன்றாவதாக வந்த 5-ஆம் எண் தங்க நிறம். உங்கள் பாடியின் பரப்பு கண்ணாடி போல வரவில்லை என்றால் வெளிர் நீலத்தை எடுங்கள். கறுப்பு ஒரு கீறலையும் மறைக்காது. கறுப்புதான் வேண்டும் என்றால் சுத்தக் கறுப்பில் துளி வெள்ளை கலந்து அடியுங்கள். இந்தச் சின்ன அளவில் சுத்தக் கறுப்பு ஒரு ஓட்டை மாதிரி தெரியும், வடிவம் தெரியாது.

உங்கள் டெக்கல் சுருங்கியதற்குக் காரணம் கிளியர் கோட்டில் இருந்த கரைப்பானாகத்தான் இருக்க வேண்டும். லேக்கர் கிளியரை முதல் பூச்சிலேயே ஈரமாக அடித்தால் அந்தக் கரைப்பான் டெக்கலின் மெல்லிய படலத்தை இளக்கிவிடும். டெக்கலுக்கு அடியில் தண்ணீர் தங்கியிருந்தாலும் இதேதான். வரிசை இப்படி இருக்கட்டும்: நிறம் முழுக்கக் காய்ந்த பிறகு ஒரு பளபளப்புப் பூச்சு. வழவழப்பான பரப்பில் ஒட்டினால்தான் டெக்கலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னாது. டெக்கலை ஒட்டி, மென்மையாக்கும் திரவம் தொட்டு, ஒரு இரவு முழுக்கக் காய விடுங்கள். அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளியர் அடிப்பது பாதுகாப்பானது. லேக்கர்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் இரண்டு மூன்று பூச்சும் பனி படிந்த மாதிரி உலர்வாகத் தூவி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே கடைசி ஈரப் பூச்சு. எனாமல் நிறத்தின் மேல் லேக்கர் கிளியர் வேண்டவே வேண்டாம், அடியிலுள்ள பெயிண்டே சுருங்கிப் பிளக்கும். லேக்கர் மேல் எனாமல் பரவாயில்லை. எந்தக் கலவையானாலும் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் முதுகில் பிரைமர், நிறம், டெக்கல், கிளியர் எல்லாவற்றையும் முதலில் அடித்துப் பாருங்கள். கார் பட்டறைகளில் பயன்படும் இரண்டு பாகக் கிளியர் பளபளப்பில் அருமைதான், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். அதற்குரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

டெக்கல் ஷீட்டில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒட்டிவிடாதீர்கள். வண்டி முழுவதையும் விளம்பரதாரர் நிறத்தில் அடிக்கும் வழக்கம் ஃபார்முலா ஒன்னில் 1968-இல்தான் வந்தது. 1966 வண்டிக்கு வெள்ளை வட்டத்தில் கறுப்பு எண், கோடுகள், டயர், ஸ்பார்க் பிளக் நிறுவனங்களின் சிறிய சின்னங்கள், அவ்வளவுதான். ஓட்டுநருக்கு முகம் திறந்த ஹெல்மெட்டும் காகிள்ஸும் போடுங்கள். முகம் மூடிய ஹெல்மெட் பந்தயங்களுக்கு வந்ததும் 1968-இல்தான். ஸ்டீயரிங் வலப்பக்கம். ஓட்டுநர் உருவத்தை மார்போடு வெட்டி உள்ளே குடைந்து எடுங்கள், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் உட்கார வைத்தால் போதும். முழு ரெசின் ஓட்டுநரை வைத்தால் கூரையைச் சுரண்டிய உழைப்பெல்லாம் வீண்.

கண்ணாடி, ஹெட்லைட் மூடி இவற்றை சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து வெள்ளையாக மங்கிவிடும். மர வேலைக்கான வெள்ளைப் பசை நல்லது, காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. பின்னால் எக்ஸாஸ்ட் குழாய்களுக்குத் தடித்த ஈயக் கம்பியை வளைத்துக்கொள்ளலாம். கதவு, மூடிக் கோடுகளில் ஓட விடும் மை கறுப்பாக வேண்டாம். நீல வண்டிக்கு அடர் சாம்பல், கறுப்பு வண்டிக்கு வெளிர் சாம்பல். பின்சக்கரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் பழுப்புத் தூசி தூவினால் 24 மணி நேரம் ஓடிய களை வந்துவிடும்.

பின்னால் பார்க்க உதவும் பக்கக் கண்ணாடிகளை மட்டும் கடைசிக்கு விடுங்கள். மோட்டாரை 3, 4 வோல்ட்டில் கொஞ்ச நேரம் சுமையில்லாமல் ஓட விட்டு அதனுள் இருக்கும் பிரஷ்களை (மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள்) படிய வையுங்கள். டயர்களை ரிம்மில் ஒட்டி, தடத்தில் வைத்த உப்புத்தாள் மேல் சுழல விட்டு வட்டமாக்குங்கள். வண்டி நாலைந்து தடவை தடுப்பில் இடிக்காமல் சுற்றி வரும் அளவுக்குக் கை பழகிய பிறகு, வளையக்கூடிய ரப்பர் தண்டு வைத்துக் கண்ணாடிகளை ஒட்டுங்கள். விறைப்பான ரெசின் தண்டு என்றால் முதல் கவிழ்தலிலேயே ஒடிந்து காணாமல் போய்விடும்.